குளிர்ந்த மீனும் அங்கயற்கண்ணும்

எங்கள் குழுவைச் சேர்ந்த நண்பர் ஒருவர் சில மாதங்களாக ஓர் ஆங்கில நாவலைத் தமிழில் பெயர்த்து வருகிறார். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் வண்டியூர்த் தெப்பக்குளத்துப் படிகளில் கூடும்போது, அந்த வாரம் முடித்த பக்கங்களை வாசித்துக் காட்டுவது அவர் வழக்கம். சென்ற மாதம் அப்படி வாசித்துக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் தயங்கினார். நாவலில் வரும் மகள், வாழ்நாள் முழுவதும் தன்னிடம் மனம்விட்டு ஒரு வார்த்தை பேசாத தந்தையைப் பற்றித் தோழியிடம் சொல்கிறாள். மூலத்தில் அவள் சொல்வது 'கோல்ட் ஃபிஷ்'. நண்பர் அதைக் 'குளிர்ந்த மீன்' என்று எழுதி வைத்திருந்தார்.

படிக்கட்டு முழுவதும் சிரிப்பு. 'அயிரையா, விராலா?' என்றார் ஒருவர். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததா என்றார் இன்னொருவர். ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் என்ன என்றும் ஒரு யோசனை வந்தது. எழுதினால் தொட்டியில் நீந்தும் தங்கமீனும் இதுவும் ஒன்றாகிவிடும் என்று அதுவும் தள்ளப்பட்டது. பிறகு ஆளுக்கொரு சொல்லாக எடுத்துக்கொடுத்தோம். கல்நெஞ்சர், ஈரமில்லாதவர், அழுத்தக்காரர், ஒட்டாத மனிதர், முகங்கொடுத்துப் பேசாதவர், தாமரை இலைத் தண்ணீர். நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பின்னர் அவர் சொன்னதுதான் இக்கட்டுரைக்குக் காரணம். "இவை ஒரே பொருளுடைய சொற்கள் அல்லவே. ஒவ்வொன்றும் அந்த மனிதருக்கு ஒவ்வொரு தீர்ப்பு. எந்தத் தீர்ப்பை எழுதுவது?"

வீடு திரும்பிய பின்னும் அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. மனத்தளவில் எட்டி நிற்கும் மனிதரை ஆங்கிலம் எப்படிச் சொல்கிறது, வைகைச் சமவெளித் தமிழ் எப்படிச் சொல்லி வந்திருக்கிறது என்று தேடிப் பார்த்தோம். கிடைத்தவற்றை வாசகர் முன் வைக்கிறோம்.

ஆங்கிலத்தின் குளிர்

முதலில் மீனையே பார்ப்போம். 1611இல் மேடையேறிய 'தி வின்டர்ஸ் டேல்' என்னும் ஷேக்ஸ்பியர் நாடகத்தில், ஊர் ஊராகப் பாட்டுப் புத்தகம் விற்கும் எத்தன் ஒருவன் வருகிறான். தன்னைக் காதலித்தவனுக்கு இணங்க மறுத்த பெண்ணொருத்தி குளிர்ந்த மீனாக மாறிப்போனதாக ஒரு பாட்டைக் காட்டி அவன் நாட்டுப்புறத்தாரை ஏமாற்றுகிறான். குளிர்ச்சிக்கும் அன்பின்மைக்கும் மீனுக்கும் ஆன தொடர்பு அப்போதே நாடகம் பார்க்க வந்தவர்களுக்குப் புரிந்திருக்கிறது.

ஒருவரை அலட்சியப்படுத்துவதைக் 'குளிர்ந்த தோளைக் காட்டுதல்' என்பர் ஆங்கிலேயர். வேண்டாத விருந்தாளிக்கு ஆறிப்போன ஆட்டுத்தொடைக் கறியைப் பரிமாறியதால் இத்தொடர் பிறந்தது என்று ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. சுவையான கதைதான், ஆனால் சான்று இல்லை. அச்சில் இத்தொடர் முதலில் தென்படுவது 1816இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் 'தி ஆன்டிக்வரி' நாவலில். அங்கே சாப்பாட்டுப் பேச்சே இல்லை, திருப்பிக்கொண்ட உடலின் தோள்தான் இருக்கிறது.

'அலூஃப்' என்னும் சொல் கப்பலிலிருந்து கரையேறியது. காற்று கரையை நோக்கி வீசும்போது கப்பல் பாறையில் மோதாதிருக்க, அதன் முகத்தைக் காற்றுப் பக்கமாகத் திருப்பி விலக்கிச் செலுத்த வேண்டும். மாலுமிகளின் அந்த ஆணையே பின்னாளில் பிறரிடமிருந்து விலகி நிற்கும் மனிதருக்குப் பெயராயிற்று. துன்பத்திலும் மேலுதடு துடிக்காமல் நிற்பதைப் புகழும் தொடரோ ஆங்கிலேயருக்கே உரியதாகக் கருதப்படுகிறது. ஆயினும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது முதலில் காணப்படுவது அமெரிக்க அச்சில்தான்.

ஆங்கிலத்திலும் கல்நெஞ்சு உண்டு. அதன் வேர் விவிலியம். எசேக்கியேல் ஆகமத்தின் 36ஆம் அதிகாரத்தில், மக்களின் கல்லான இதயத்தை எடுத்துவிட்டுச் சதையான இதயத்தைத் தருவதாக இறைவன் வாக்களிக்கிறான். பாலை நிலத்து எபிரேயரிடமிருந்து வந்த உவமை அது. வட ஐரோப்பாவில் விளைந்த உவமைகளில் மேலோங்கி நிற்பது குளிர். பனி, உறைதல், ஆறிப்போதல் ஆகியவை அன்பின்மைக்கு ஆகி, அடுப்பின் கதகதப்பு அன்புக்கு ஆகிவிட்டது.

இது உலகப் பொதுவானது என்று அறிஞர் சிலர் எண்ணியதும் உண்டு. 1946இல் சாலமன் ஆஷ் என்னும் உளவியலாளர், ஒரு மனிதரைப் பற்றிய குணப்பட்டியலில் 'வெதுவெதுப்பானவர்' என்னும் ஒரே சொல்லைக் 'குளிர்ந்தவர்' என்று மாற்றிக் கொடுத்துப் பார்த்தார். கேட்டவர்கள் மனத்தில் உருவான சித்திரம் பெரிதும் மாறிப்போயிற்று. ஜார்ஜ் லேக்காஃப், மார்க் ஜான்சன் ஆகியோர், தாயின் மார்புச் சூட்டில் கிடக்கும் குழந்தையின் அனுபவமே அன்பை வெப்பமாக எண்ணச் செய்கிறது என்று விளக்கினர். கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் சித்திரை மாதத்து மதுரையில் நின்றுகொண்டு இதைக் கேட்டால் தலையாட்ட மனம் வருவதில்லை.

வைகைச் சமவெளியின் ஈரம்

மதுரையில் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகை அடைமழையாக வந்து போய்விடும். வைகையில் பெரும்பாலான நாள்கள் மணல்தான் ஓடுகிறது. வந்த மழையைக் கண்மாய்களில் தேக்கி வைத்துக்கொண்டு எஞ்சிய மாதங்களை ஓட்டிய நிலம் இது. இந்த நிலத்து மக்களுக்கு வெயில் அன்பாக இருக்க வழியில்லை. அன்பாக இருக்கத் தக்கது நீரும் நிழலும் குளிர்ச்சியுமே.

ஆகவே நம்மவர்க்கு மகிழ்ச்சி வந்தால் மனம் குளிர்கிறது. பிள்ளையைக் கண்டால் கண் குளிர்கிறது. பசித்தவன் சோறிட்டவரை வயிறு குளிர வாழ்த்துகிறான். அரசனின் அருளுக்குத் தண்ணளி என்று பெயர். குளிர்ச்சியும் அருளும் ஒரே சொல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவனுடைய வெண்கொற்றக் குடை குடிகளுக்கு நிழல் தருவது. மாரியம்மனைக் குளிர வைக்கிறோம். அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமியன்று தோல்பையில் தண்ணீர் நிரப்பி அவர்மேல் பீய்ச்சுகிறார்கள். வெயிலில் நடந்து வந்தவருக்கு இந்தச் சமவெளி காட்டத் தெரிந்த அன்பு அது.

இதற்கு மாறாக, சூடாகப் பேசினார் என்றால் கோபமாகப் பேசினார் என்று பொருள். வயிறு எரிந்தால் சாபம். நெஞ்சு கொதித்தால் பகை. 'குளிர்ந்த மனிதர்' என்று தமிழில் எழுதினால் மூல ஆசிரியர் திட்டியதை நாம் பாராட்டாக மாற்றிவிட்டோம் என்றாகும். நண்பரின் மீனைப் பார்த்துச் சிரித்தோமே தவிர, இந்தத் தலைகீழ் மாற்றம் அப்போது எங்களுக்கே புலப்படவில்லை.

முழு உண்மையையும் சொல்ல வேண்டும். தமிழிலும் வெப்பத்துக்கு நல்ல இடம் உண்டு. சூடு சொரணை இல்லாதவன் என்கிறோம். நெஞ்சு உருகுவதற்கும் ஒரு தீ வேண்டியிருக்கிறது. ஆனால் அன்பில்லாதவரைக் குறிக்கத் தமிழ் நாடிச் சென்றது குளிரையன்று, வறட்சியை. அதற்கு எதிரான சொல் ஈரம்.

திருக்குறளில் 'இனியவை கூறல்' அதிகாரத்தின் முதற்குறளிலேயே ஈரம் என்னும் சொல் அன்பு என்னும் பொருளில் வருகிறது. உரையாசிரியர் பரிமேலழகரும் அப்படியே பொருள் கொள்கிறார். இன்றும் மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ ஒரு பாட்டி, 'அவன் நெஞ்சில் ஈரமே கிடையாது' என்று சொன்னால், வள்ளுவர் கையாண்ட அதே சொல்லைத்தான் கையாளுகிறார். இடையில் போன காலம் அந்தச் சொல்லை உலர்த்திவிடவில்லை.

கல், மரம், ஓடாத கண்

வள்ளுவர் அன்பில்லாதவருக்குக் காட்டும் உவமைகளை வரிசைப்படுத்திப் பார்த்தோம். 'அன்புடைமை' அதிகாரத்தில், அன்பில்லாத உயிரின் வாழ்க்கை, கடினமான நிலத்தில் நிற்கும் பட்டமரம் மீண்டும் தளிர்ப்பதைப் போன்றது என்கிறார். அதாவது நடவாத காரியம். 'பண்புடைமை'யில், அரத்தைப் போன்ற கூரிய அறிவிருந்தும் மக்கட்பண்பு இல்லாதவரை மரம் என்கிறார். 'கண்ணோட்டம்' அதிகாரத்தில், முகத்தில் கண்ணிருந்தும் அது பிறர்மேல் ஓடாதவரை மண்ணில் ஊன்றிய மரத்துக்கு ஒப்பிடுகிறார். வறண்ட நிலம், காய்ந்த மரம், அசையாத பார்வை. எங்கும் குளிர் இல்லை.

இந்தக் கண்ணோட்டம் என்னும் சொல்லின் கதை தனியே சொல்லத் தக்கது. கண் ஓடுதல் என்பது பார்த்தல் அன்று. பழகியவரின் துன்பத்தைக் கண்டதும், மறுக்க இயலாதபடி நம் கண் அவர் பக்கம் ஓடிவிடுவது. இரக்கத்துக்கு இதைவிட நேரான பெயர் வேறு மொழியில் இருக்குமா என்று தெரியவில்லை. உலகம் நடப்பதே அதனால்தான் என்னும் அளவுக்கு வள்ளுவர் அதை உயர்த்திப் பேசுகிறார்.

இன்று அச்சொல்லுக்கு என்ன பொருள்? 'பொருளாதாரக் கண்ணோட்டம்', 'அரசியல் கண்ணோட்டம்', 'என் கண்ணோட்டத்தில்'. இருந்த இடத்தைவிட்டு அசையாமல் ஒன்றை நோக்கும் கோணத்துக்குப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தின் 'அவுட்லுக்'கையும் 'பாயின்ட் ஆஃப் வியூ'வையும் சுமப்பதற்கு இந்தச் சொல்லை வாடகைக்கு விட்டோம். குடிவந்தவர் வீட்டுக்காரரை வெளியேற்றிவிட்டார். பள்ளியில் அந்த அதிகாரத்தைப் படிக்கும் பிள்ளைக்கு, இது 'பார்வை' அல்ல, 'இரக்கம்' என்று உரை சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பட்டிமன்றத்தில் ஒருவர், 'உங்களிடம் கண்ணோட்டமே இல்லை' என்றால், எதிரணியினர் தம் அறிவைக் குறைகூறியதாக எண்ணுவரேயன்றி, தம் நெஞ்சைக் குறைகூறியதாக எண்ணமாட்டார்.

பேகனின் பாராமுகம்

மதுரைக்கு வடமேற்கே பழனி மலையைச் சூழ்ந்த நாட்டை ஆண்டவன் வையாவிக் கோப்பெரும் பேகன். கடையெழு வள்ளல்களில் ஒருவன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணி அதற்குப் போர்வை கொடுத்தவன் என்று பள்ளிப் பாடங்களெல்லாம் சொல்லும். பாடங்கள் சொல்லாத மறுபாதி புறநானூற்றில் 143 முதல் 147 வரையிலான ஐந்து பாடல்களில் இருக்கிறது. கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்னும் நால்வர் அவற்றைப் பாடினர்.

பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியிடம் சென்றுவிட்டான். புலவர்கள் அவள் வாயிலில் நின்று, அவள் அழும் குரலைக் கேட்டார்கள். நேரே பேகனிடம் வந்தார்கள். எங்களுக்குப் பசியில்லை, உன் பொன்னும் வேண்டாம், தேரைப் பூட்டிக்கொண்டு அவளிடம் போ, அதுவே நாங்கள் கேட்கும் பரிசில் என்றார்கள். வறுமையில் வாழ்ந்த புலவர்கள் கைக்கு வந்த பரிசிலைத் தள்ளிவிட்டு, ஒரு பெண்ணின் கண்ணீருக்காக மன்னனிடம் வாதாடிய இப்பாடல்கள், 1894இல் உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்த பிறகே நம் காலத்து வாசகருக்குப் பரவலாகக் கிட்டின.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பேகனைக் கல்நெஞ்சன் என்று சொல்ல முடியாது. மயிலுக்காக இளகியவன் அவன். அவனிடம் ஈரம் இருந்தது; வீட்டுத் திசையில் மட்டும் அது பாயவில்லை. இதற்குத் தமிழில் உள்ள பெயர் பாராமுகம். வடமொழியில் 'பராங்முகம்' என்றால் அப்பால் திருப்பிய முகம். அது தமிழில் பராமுகம் என்றாகி, தமிழ்க் காதில் 'பார்க்காத முகம்' என்றும் ஒலித்துப் பாராமுகம் ஆகி வேரூன்றிவிட்டது. ஊருக்கெல்லாம் உதவுபவர், வீட்டில் மட்டும் வாய் திறவாதவர் எனப்படும் மனிதர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களெல்லாம் பேகனின் வழித்தோன்றல்கள்.

மதுரையின் பெருவிழாவே ஒரு பாராமுகத்தைச் சொல்லும் கதைதான். தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு அழகர் சீர்வரிசையோடு வருகிறார். ஆற்றங்கரையை அடையும்போது திருமணம் முடிந்துவிட்டது என்று அறிகிறார். நகருக்குள் நுழையாமலேயே வண்டியூர்ப் பக்கம் திரும்பிவிடுகிறார். கோயில் ஆகமங்களில் இக்கதைக்கு இடமில்லை. மக்கள் சொல்லும் கதை இது. ஆனால் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானவர்கள் ஆற்றில் கூடி நின்று பார்ப்பது இந்த அண்ணனின் மனத்தாங்கலைத்தான். அன்பு இல்லாமல் முகம் திரும்புவதும் உண்டு, அன்பு மிகுந்ததால் முகம் திரும்புவதும் உண்டு என்பதை மதுரை மக்களுக்கு எந்த அகராதியும் சொல்லித் தரவேண்டியதில்லை.

சொல்லாமல் போன துறவியர்

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் சமணத் துறவியரின் குகைத்தளங்கள் இருக்கின்றன. மாங்குளம், அழகர்மலை, திருப்பரங்குன்றம், கொங்கர்புளியங்குளம், கீழக்குயில்குடியை ஒட்டிய சமணர்மலை என்று அப்பட்டியல் நீளும். மாங்குளத்தில் கணிநந்தன் என்னும் துறவிக்குக் கற்படுக்கை அமைத்துக் கொடுத்த செய்தியும் நெடுஞ்செழியன் என்னும் பெயரும் தமிழ் பிராமிக் கல்வெட்டில் உள்ளன. கிறிஸ்துவுக்கு முற்பட்ட நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை இவை. அந்தக் கற்படுக்கைகளில் படுத்தவர்கள் உறவுகளை விட்டு விலகுவதையே வாழ்வின் நோக்கமாகக் கொண்டவர்கள். அவர்களுக்கும் நம் சமவெளி மக்களுக்கும் இடையே என்ன நடந்தது என்பதைக் கூறும் கர்ணபரம்பரைக் கதை ஒன்று நாலடியாரைச் சுற்றி வழங்குகிறது.

பஞ்சம் வந்தபோது எண்ணாயிரம் சமண முனிவர் பாண்டியனிடம் அடைக்கலம் புகுந்தனர். மழை பெய்து பஞ்சம் தீர்ந்ததும் தம் நாடு திரும்ப விரும்பினர். அவர்களைப் பிரிய மனமில்லாத பாண்டியன் விடைகொடுக்கவில்லை. ஒரிரவில், ஆளுக்கொரு வெண்பாவை எழுதித் தத்தம் இருக்கையின் கீழ் வைத்துவிட்டு, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எல்லோரும் போய்விட்டனர். காலையில் வெற்றிடத்தைக் கண்ட பாண்டியன் சினந்து ஏடுகள் அனைத்தையும் வைகையில் எறியச் செய்தான். நானூறு ஏடுகள் மட்டும் வெள்ளத்தை எதிர்த்து வந்தன. அவையே நாலடியார் என்பது கதை. 1893இல் நாலடியாரை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்ட ஜி. யு. போப் இக்கதையையும் எடுத்துச் சொன்னார்.

வரலாறாக இதைக் கொள்ள முடியாது. ஆயினும் மனித மனத்தின் சான்றாகக் கொள்ளலாம். முனிவர்கள் தவறு செய்தார்களா? பற்றை விட்டவர்கள் விடைபெறும் சடங்கில் மட்டும் பற்று வைக்க முடியுமா? ஆனால் பஞ்சகாலத்தில் சோறிட்ட அரசனின் இடத்திலிருந்து பார்த்தால் அது புறக்கணிப்பு. ஒருவருக்குத் துறவு, மற்றவருக்குக் காயம். தாமரை இலைத் தண்ணீர் என்னும் உவமையில் இந்த இரண்டும் உண்டு. ஞானியைப் பாராட்டவும் அதையே சொல்கிறோம். கல்யாண வீட்டில் ஒட்டாமல் நிற்கும் உறவினரைக் குறைகூறவும் அதையே சொல்கிறோம். சொல்பவர் பாண்டியனா முனிவரா என்பதைப் பொறுத்தது பொருள்.

மேலூருக்கு அருகில் உள்ள திருவாதவூருக்குச் சென்றால் இவ்விரு முனைகளையும் ஒரே ஊரில் காணலாம். அவ்வூர்க் குன்றிலும் தமிழ் பிராமிக் கல்வெட்டுடைய குகைத்தளம் இருக்கிறது. அதே ஊரில்தான் மாணிக்கவாசகர் பிறந்தார் என்பது மரபு. திருவாசகத்துக்கு உருகாதவர் வேறெதற்கும் உருகமாட்டார் என்று பழமொழியே உண்டு. அத்தகைய திருவாசகத்தில் அவர் தம் மனத்தைக் கல் என்றும் இரும்பு என்றும் தாமே இகழ்ந்துகொள்கிறார். கல்நெஞ்சு என்பதை அடுத்தவர் தலையில் கட்டும் பெயராகவே நாம் பழகிவிட்டோம். வாதவூரர் அதைத் தமக்கு இட்டுக்கொண்டார். உருகத் தெரிந்தவருக்கே தாம் உறைந்திருப்பது தெரிகிறது போலும்.

அகராதிக்காரர்களின் மதுரை

இருமொழிச் சொற்கள் எதிரெதிரே நிறுத்தப்பட்டதிலும் மதுரைக்குப் பங்குண்டு. 1779இல் வேப்பேரியில் ஃபப்ரீஷியஸ் வெளியிட்ட அகராதியும் 1862இல் வந்த வின்ஸ்லோவின் பேரகராதியும் வழியமைத்தன. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவினார். யாழ்ப்பாணத்துக் கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்த சொல்லகராதியை அச்சங்கம் 1910 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதிப் பணி 1913இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த ஜே. எஸ். சாண்ட்லரின் பொறுப்பில் தொடங்கியது. அப்பணியின் தொடக்க அலுவலகம் மதுரையில்தான் இருந்தது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அது நிறைவெய்தியது.

இந்த அகராதிக்காரர்கள் ஈரத்தின் எதிரே நனைவையும் எழுதினர், அன்பையும் எழுதினர். ஒரு சொல்லின் இரு முகங்களையும் காட்டினர். அவர்கள் செய்ய முடியாத ஒன்று உண்டு. எந்தச் சொல்லை எந்த மனிதருக்குச் சொல்வது என்று அகராதி சொல்லாது.

மொழியில் குளிர் இருப்பதால் அந்த மொழிக்காரர் நெஞ்சிலும் குளிர் இருக்கும் என்று எண்ணுவதும் பிழை. 1812 முதல் 1828 வரை மதுரையில் கலெக்டராக இருந்த ரவுஸ் பீட்டர், மீனாட்சியம்மனின் குதிரை வாகனத்துக்கு மாணிக்கம் பதித்த தங்க அங்கவடிகளைக் காணிக்கையாக அளித்தார். மக்கள் அவரைப் 'பீட்டர் பாண்டியன்' என்றனர். 1895இல் நிறைவடைந்த முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக், மேற்கே பாய்ந்த நீரைக் கிழக்கே திருப்பி வைகை நிலத்துக்கு நேர்ப்பொருளிலேயே ஈரத்தைக் கொண்டுவந்தார். தேனிப் பக்கத்து உழவர்கள் அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை இடுகிறார்கள். மேலுதடு துடிக்காத மொழியில் பேசிய இவர்களைச் சமவெளி மக்கள் பேச்சால் அளக்கவில்லை.

எந்தச் சொல்

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஆங்கிலம் 'உணர்வளவில் தொலைவானவர்' என்று ஒரே மூட்டையில் கட்டுபவர்களை நம் தமிழ் குறைந்தது நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது என்பது எங்களுக்கு விளங்கிற்று. ஈரமே இல்லாதவர் கல்நெஞ்சர். ஈரமிருந்தும் குறிப்பிட்ட ஒருவரிடம் முகம் திருப்பியவர் காட்டுவது பாராமுகம். எல்லோரிடமிருந்தும் ஒருசேர விலகியவருடையது பற்றின்மை. உள்ளே எல்லாம் இருந்தும் வெளியே வராமல் அமுக்கி வைத்திருப்பவர் அழுத்தக்காரர். முதலாமவரை வெறுக்கலாம். இரண்டாமவரிடம் புலவர்களைப்போல் வாதாடலாம். மூன்றாமவரை விட்டுவிடத்தான் வேண்டும். நான்காமவரிடம் காத்திருக்கலாம்.

நம் தந்தையர் தலைமுறையில் பெரும்பாலோர் நான்காம் வகையினர். கண்மாய் வற்றிய ஆண்டும் பள்ளிக்கட்டணம் கட்டியவர்கள். கட்டியதைச் சொல்லத் தெரியாதவர்கள். பேருந்து நிலையம் வரை உடன் வந்து, வண்டி கிளம்பும்போது வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அவர்களைக் கல் என்று எழுதிவிட்டால் பிழை மொழிபெயர்ப்போடு நிற்காது. வாசிக்கும் மகளோ மகனோ வீட்டில் இருப்பவரைப் பார்க்கும் பார்வையிலும் போய் ஒட்டிக்கொள்ளும். இப்போது 'எமோஷனலி டிஸ்டன்ட்' என்னும் தொடர் நம் வீட்டு இளையோர் வாயிலும் புழங்குகிறது. அதைத் தவறென்று சொல்லவில்லை. காயப்பட்டவருக்குத் தம் காயத்தைச் சொல்ல ஒரு பெயர் வேண்டும். ஆனால் நான்கு பெயர் இருக்கும் வீட்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டால், காத்திருக்க வேண்டியவரை வெறுத்துவிடவும் வெறுக்க வேண்டியவருக்காகக் காத்திருந்து வீணாகவும் நேரும்.

கடைசியாக அந்த மீன். மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையாள், தமிழில் அங்கயற்கண்ணி. ஏன் மீன்? வடிவத்தால் மட்டும் வந்த உவமை அன்று என்பார்கள் பெரியோர். மீன் தன் முட்டைகளைத் தொடாமல் பார்வையாலேயே பொரிக்கும் என்பது பழைய நம்பிக்கை. அதுபோல் அன்னை அருகில் வராமலே பார்வையால் உயிர்களைக் காக்கிறாள் என்பது விளக்கம். இமையாத மீன்கண் உறங்காத தாயின் கண்ணாகவும் சொல்லப்படும். உயிரியல் இதை ஏற்காது. ஆனால் கண்ணோட்டம் என்னும் சொல்லைப் பெற்ற மொழி, தொடாமல் பார்த்தே காக்கும் அன்பு ஒன்று உண்டு என்று நம்பியதில் வியப்பில்லை. பாண்டியர் கொடியிலும் கோயில் விதானத்திலும் மீனைப் பொறித்த ஊரில் இருந்துகொண்டு, அன்பற்ற மனிதருக்கு மீன் என்று பெயரிட எப்படி மனம் வரும்?

இவற்றையெல்லாம் நண்பரிடம் சொன்னோம். அவர் நாவலின் கடைசி அத்தியாயங்களை மீண்டும் ஒருமுறை படித்துவிட்டு வந்தார். அங்கே, இறந்துபோன தந்தையின் மேசை அறையில், தான் பள்ளி நாளில் எழுதிய கடிதங்கள் அனைத்தும் தேதிவாரியாக அடுக்கிக் கட்டப்பட்டிருப்பதை மகள் காண்கிறாளாம். 'அவளுக்கு அது கடைசியில்தான் தெரிகிறது. முதலில் அவள் திட்டத்தானே செய்வாள்?' என்றார். ஆகவே முதல் அத்தியாயத்தில் மகளின் வாயில் 'கல்லு மனுஷர்' என்று எழுதினார். கடைசி அத்தியாயத்தில் அவள் மீண்டும் தந்தையைப் பற்றிப் பேசும் இடத்தில் 'அழுத்தக்காரர்' என்று எழுதினார்.

மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே மீன்தான் இருக்கிறது. எங்களுக்கு அதில் குறையேதும் தோன்றவில்லை.